மார்லீன் பார்த்த டிரெய்லர்கள்

மார்லீனைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள், சர்ச்சில் கேட்காதீர்கள். அறுபத்திரண்டு வயதில் புருஷனை அம்போ என்று விட்டுவிட்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஓடிப்போனாள் என்று அங்கே ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. பேசுகிறவர்களுக்கு என்ன, வாய்தானே. அவள் கிளம்பின அன்றைக்குப் பக்கத்து சீட்டில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான்.

என் பெயர் ட்வைலா. மார்லீனும் நானும் கோஷனுக்கு வெளியே இருக்கிற டிரெய்லர் தொழிற்சாலையில், வண்டி கட்டுகிற ஒரே வரிசையில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவர்கள். இந்தியானாவில் எங்கள் பக்கத்தில் இதுதான் பிழைப்பு. சக்கரம் வைத்த வீடு கட்டுவோம், யாராவது வந்து காரிலோ லாரியிலோ மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். அன்றைக்கு முடிக்க வேண்டிய வண்டிகள் வரிசையை விட்டு இறங்கிவிட்டால் மதியமே வீட்டுக்குப் போகலாம் என்பதால், விடியும் முன்னாலேயே வந்து பேய் மாதிரி வேலை செய்வோம். வண்டியின் மூக்கில் தொங்குகிற விளக்குக் கம்பிகளைச் சேர்த்து, காரில் செருகுகிற பிளக்கை மாட்டுவது மார்லீன் வேலை. வெள்ளை, பழுப்பு, மஞ்சள், பச்சை. கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டுவாள். இத்தனை ஆயிரம் வீட்டுக்கு விளக்கு எரிய வைத்தவள், ஒரு வீட்டிலாவது ஒரு ராத்திரி படுத்ததில்லை.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். மொன்டானாவில் அவள் அக்கா ஆர்டித் இருந்தாள். மாடு வளர்க்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டு சின்ன வயதில் போனவள். புருஷன் செத்த பிறகு மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு இரண்டு அறை வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தாள். அங்கே போனால் படுக்க இடம் கிடையாது, பக்கத்தில் விடுதி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. “ஒரு சின்ன டிரெய்லரை இழுத்துக்கிட்டு வாடி, கொட்டகை பக்கத்துல இடம் போட்டுத் தரேன், கோடை முழுக்க இரு” என்று ஆர்டித் வாராவாரம் போனில் சொல்வாள். அக்காவோடு ஒரு கோடை. மார்லீன் கேட்டது அவ்வளவுதான்.

மார்லீன் புருஷன் டெல்மர் வேறொரு தொழிற்சாலையில் அச்சும் சக்கரமும் பொருத்துகிற பகுதியில் இருந்தவர். எந்தக் கார் எந்த வண்டியை இழுக்கும் என்று ஊரே அவரைத்தான் கேட்கும். அதட்டிப் பேச மாட்டார். நாம் ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்தனுப்பினால் தட்டைக் கழுவித் திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கிற மனுஷன். வெளியே எங்கே போனாலும் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும், தன் கட்டிலில்தான் தூக்கம் வரும். அது ஒரு குறையா என்று நாங்கள் எல்லோரும் விட்டுவிட்டோம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், சொந்தமாக ஒரு சின்ன டிரெய்லர் வாங்கலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். அந்த வசந்தத்தில்தான் டெல்மர் யாரோ ஒருவரிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். ரொம்பச் சாதாரணமான கார், மளிகைக் கடைக்கும் சர்ச்சுக்கும் போகிற கார். லாரி வாங்குகிற யோசனையே அவர்களுக்கு இல்லை. ஆகவே சாதாரணக் கார் இழுக்கிற மாதிரி வண்டி எது என்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் டிரெய்லர் விற்கிற திடல்கள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மூடியிருக்கிற நாளில்தான் நாங்கள் போவோம். விற்கிறவன் வந்து தோளில் கை போட மாட்டான் பாருங்கள். சர்ச் முடிந்து, சாப்பாடு முடிந்து, நல்ல உடுப்போடு வண்டிகளுக்கு நடுவே உலாத்திக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியில் இரண்டு கையையும் குவித்து உள்ளே எட்டிப் பார்ப்போம். மார்லீனும் டெல்மரும் பனி உருகினதிலிருந்து அடுத்த பனி விழும் வரை ஒரு ஞாயிறு விடாமல் போவார்கள். அவர் கையில் அளக்கிற டேப், இவள் கையில் காபி பிளாஸ்க். திங்கட்கிழமை காலையில் வரிசையில் நின்று அத்தனையும் எனக்கு ஒப்பிப்பாள். முகம் மலர்ந்திருக்கும். கட்டிக்கொள்ளப் போகிறவனோடு சுற்றிவிட்டு வந்தவள் மாதிரிதான் இருப்பாள்.

முதலில் பார்த்தது நீர்த்துளி வடிவத்தில் இருக்குமே, அது. பின்னால் இருப்பதே காருக்குத் தெரியாது, அவ்வளவு லேசு. ஆனால் உள்ளே படுக்க மட்டும்தான் இடம். அடுப்பு வண்டியின் பின்கதவுக்கு அடியில், வெளியே நின்றுதான் சமைக்க வேண்டும். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு முட்டை பொரிப்பாயா, முட்டி வலியோடு தவழ்ந்து உள்ளே போவாயா என்று டெல்மர் கேட்டார். சரி, வேண்டாம்.

அடுத்த வருஷம் மடக்குகிற கூடாரம் வைத்த வண்டி. ஓடும்போது தாழ்வாக மடங்கிக் கிடக்கும், காற்று பிடிக்காது, எடையும் குறைவு, நின்ற இடத்தில் கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பி இரண்டு பக்கமும் கட்டில் நீளும். மார்லீனுக்குப் பிடித்துவிட்டது. துணி ஈரத்தோடு மடங்கினால் பூஞ்சை பிடிக்கும் என்றார் டெல்மர். துடைத்துக் காயவைக்கிறேன் என்றாள். மொன்டானாவில் கரடி உண்டே, துணிச் சுவரை அது ஒரு கீறு கீறினால் என்ன ஆகும் என்றார். கரடி என்றதும் அவள் அடங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு மரச்சட்டத்தில் தகடு அடித்த சின்னப் பெட்டி வண்டி. உள்ளேயே கழிப்பறை, நின்று சமைக்கலாம், விலையும் மலிவு. இதில் டெல்மர் சொன்னது நிஜம்தான், நாங்களே கட்டுகிறவர்கள், எங்களுக்குத் தெரியாதா. கதவில் ஒட்டியிருக்கிற எடை வெறும் வண்டியின் எடை. பாட்டரி, காஸ் உருளை, தண்ணீர், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் ஏறின பிறகு அது வேறு வண்டி. போதாக்குறைக்கு நெற்றி செங்குத்தாக இருக்கும், எதிர்க்காற்று அடித்தால் சின்னக் காருக்கு மூச்சு வாங்கும்.

கடைசியில் முட்டை வண்டிக்கு வந்தார்கள். கண்ணாடி இழையில் வார்த்த இரண்டு ஓடுகளை மேலும் கீழுமாகச் சேர்த்து ஒட்டியது. ஒழுகுவதற்கு மூலையில் இணைப்பு கிடையாது, உருண்டையாக இருப்பதால் காற்று வழுக்கிக்கொண்டு போகும், எடை குறைவு, உள்ளே நின்று காபி போடலாம், சாப்பிடுகிற மேஜையை இறக்கினால் கட்டில். மார்லீன் ஜன்னலில் கையைக் குவித்தவள் எடுக்கவே இல்லையாம். டெல்மர் சுற்றிச் சுற்றி வந்து அளந்தார். வண்டியில் ஒரு குறையும் கிடைக்கவில்லை. அப்புறம் சொன்னார், “வண்டி நல்லதுதான். ஆனா இதோட மூக்குக் கனம் கார் வால்ல வந்து உக்காரும். நம்ம கார் உடம்பு, வண்டி மாட்டுற கொக்கியே தாங்காது. இந்த மாடலுக்குக் கொக்கின்னு ஒண்ணு செய்யவே இல்ல. அவசரம் என்ன, அடுத்த வசந்தத்துக்குக் காரை மாத்திட்டுப் பார்க்கலாம்.”

அடுத்த வசந்தம் கார் பார்த்தார்கள். கொஞ்சம் பலமான காராகப் பார்த்தால், இந்தக் காருக்கு இன்னும் நல்ல வண்டியே இழுக்கலாமே, மறுபடியும் வண்டி பார்ப்போம் என்பார். வண்டி பார்த்தால் கார் போதாது. அவசரம் என்ன, அடுத்த வசந்தம். காரோடு வந்த கையேட்டைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். டெல்மர் வீட்டிலேயே இருக்கும்போது கையேட்டை யார் திறப்பார்கள்?

நான்கூட ஒரு தடவை கிண்டல் செய்தேன். “வண்டி சரியா இருந்தா கார் சரியில்ல, கார் சரியா இருந்தா வண்டி சரியில்ல. உன் புருஷன் சரியா இருக்காரான்னு முதல்ல பாருடி” என்றேன். மார்லீன் விழுந்து விழுந்து சிரித்தாள். “போடி, அவருக்கு என்மேல அக்கறை. அக்காவுக்கு அவரே போன் போட்டு வண்டி அளவு சொல்றாரு, தெரியுமா?” என்றாள். உண்மைதான். ஒவ்வொரு வசந்தமும் டெல்மர் தானே ஆர்டித்தைக் கூப்பிட்டு, இந்த வருஷம் பார்த்திருக்கிற வண்டி இத்தனை நீளம் இத்தனை அகலம் என்று சொல்வார். இவளுக்கு அதில் அவ்வளவு பெருமை.

ஐந்தாவது குளிர்காலத்தில் ஆர்டித் செத்துப்போனாள். மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அந்த வாரம் பனிப்புயல். டக்கோட்டா பக்கம் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள், விமானமும் ஓடவில்லை. அடக்க ஆராதனையை மகன் போனில் போட்டுவிட்டான். மார்லீன் சமையலறை மேஜையில், வெளியே கிளம்புகிறவள் மாதிரி கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன். டெல்மர் பீன்ஸ் சூப் வைத்துக் கொடுத்தார். “டிரெய்லர் இருந்திருந்தாலும் இந்தப் பனியில போயிருக்க முடியாது, மார்லீன்” என்றார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பனி உருகினதும் அவரே அவளைத் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மனசுக்கு மாறுதலாக இருக்கும் என்றாராம். மார்லீனும் போனாள். அக்கா இல்லாவிட்டாலும் அக்கா இருந்த இடத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வாசலில் அவர்கள் காரின் சக்கரம் காற்று இறங்கிக் கிடந்தது. ஆண்கள் எல்லோரும் உள்ளே விருந்துக்கு மேஜை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவானேன், நாமே மாற்றுவோம் என்று நானும் மார்லீனும் பின்பெட்டியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, உபரிச் சக்கரத்தை வெளியே எடுத்தோம். எடுத்த இடத்தில், ஒரு மூலையில், கறுப்பு டேப் சுற்றின ஒரு சின்ன உருண்டை செருகியிருந்தது. மார்லீன் அதை இழுத்து டேப்பை உரித்தாள். வெள்ளை, பழுப்பு, மஞ்சள், பச்சை.

அவள் விரல் அந்தப் பிளக்கைத் தடவிக்கொண்டிருந்தது. “இது டிரெய்லர் விளக்கைச் செருகக் காரில வைக்கிற பிளக், ட்வைலா” என்றாள்.

“முன்னாடி வச்சிருந்த ஆளு எதையாவது இழுத்திருப்பான்டி” என்றேன்.

“இழுத்திருந்தா கொக்கி இருந்திருக்கணுமே. இந்தக் காருக்குத்தான் கொக்கியே கிடையாதே.”

சொல்லிவிட்டு, சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு வந்த நல்ல கவுனோடு சரளையில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் தலையை விட்டாள். நானும் பக்கத்தில் படுத்தேன். ஊரில் யார் பார்த்தால் என்ன. சட்டத்தில் வரிசையாக போல்ட் போட்ட ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொரு ஓட்டையிலும் தண்ணீர் புகாமல் இருக்கக் கறுப்பு ரப்பர் மூடி ஒன்று கச்சிதமாக அழுத்தியிருந்தது. துணி துவைக்கும்போது டெல்மர் சட்டைப் பையிலிருந்து மார்லீன் எத்தனையோ வருஷமாக எடுத்துப்போடுகிற அதே மூடி. அவர் வேலை செய்த பகுதியில் அதைத்தான் அழுத்துவார்கள்.

இதுவரைக்கும் டெல்மரை மரியாதையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இனிமேல் என் வாயில் அது வராது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

மார்லீன் எழுந்து, கவுனைத் தட்டிவிட்டு, சக்கரத்தை மாட்டினாள். உள்ளே போய், எங்கள் பக்கத்து வழக்கப்படி உருளைக்கிழங்கு மசியல் மேல் கோழிச் சாற்றில் வெந்த நூடுல்ஸ் ஊற்றிச் சாப்பிட்டாள். டெல்மர் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டு முடித்துத் திடலுக்குப் போகலாமா என்று கேட்டான். தலை வலிக்கிறது, ட்வைலா வீட்டில் கொஞ்சம் படுத்துவிட்டு வருகிறேன் என்றாள். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்தது படுக்க அல்ல. என் புருஷன் லாயிட் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு சைலன்சர், பிரேக் வேலை எல்லாம் செய்கிற ஆள். மார்லீன் நேராகக் காரைக் கொட்டகைக்குள் விட்டாள். “லாயிட், இந்தக் காருக்குக் கொக்கி போட முடியுமா?” என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். லாயிட்டுக்குக் காது சிவந்தது. சுவரைப் பார்த்தான். நானும் அவன் பார்த்த பக்கம் பார்த்தேன்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற என் ரப்பர் குழாய் சுவரில் சுருட்டித் தொங்கியது. குழாய் மாட்ட எதையாவது அடித்துக் கொடு என்று நான் நச்சரித்ததற்கு, லாயிட் ஒரு கனமான இரும்பைச் சுவரில் அடித்துக் கொடுத்திருந்தான். நடுவில் சதுரமாக வாய், இரண்டு பக்கமும் கை மாதிரி நீட்டல், நீட்டலில் போல்ட் ஓட்டை. ஆறு வருஷமாக நான் அதில் குழாயைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். டிரெய்லர் ஊரில் பிறந்து வளர்ந்தவள், அது கார்க் கொக்கி என்று ஒரு நாளும் நின்று பார்க்கவில்லை.

“இது எப்போ கழட்டினது?” என்று மார்லீன் கேட்டாள்.

லாயிட் முழுங்கி முழுங்கிச் சொன்னான். கார் வாங்கின அன்றைக்கே டெல்மர் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கேதான் வந்தானாம். கொக்கி மாட்டின காரைப் பார்த்தால் மார்லீன் அடுத்த வாரமே மொன்டானா கிளம்ப வேண்டும் என்பாள், ஆகவே கழற்றிவிடு, அவளிடம் மூச்சு விடாதே என்றானாம். கம்பியையும் உருவியிருக்க வேண்டும், அதற்கு உள்பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும், சோம்பல்பட்டு டேப் சுற்றிச் செருகிவிட்டார்கள். என் புருஷன் சோம்பேறித்தனத்தால் யாருக்காவது ஒரு நன்மை நடந்தது என்றால் அது இதுதான்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தானியக் கிடங்கில் காலையில் காபி குடிக்கிற ஆண்கள் கூட்டம் ஒன்று உண்டு. அந்த மேஜை முழுக்கத் தெரியுமாம். இந்த வாரம் எந்த வண்டிக்கு என்ன குறை சொல்லலாம் என்று ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொடுப்பார்களாம். ஒரு வருஷம் அல்ல, இரண்டு வருஷம் அல்ல, ஆறு வருஷம். இவள் திங்கட்கிழமை என்னிடம் பூரித்துப் பூரித்துச் சொன்னதை அவர்கள் அங்கே சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

“அந்தக் கரடி நான் சொன்னது” என்றான் லாயிட், தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. மார்லீன் சுவரிலிருந்து குழாயை எடுத்தாள். அதை ஒழுங்காகச் சுருட்டி, என் செடிகள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து, “மாட்டு” என்றாள். லாயிட் மாட்டினான். மாட்டி முடிக்கும் வரை நாங்கள் இரண்டு பேரும் தலைமாட்டில் நின்றோம். அத்தனை போல்ட்டும் அந்தந்த ஓட்டையில் போய் உட்கார்ந்தது.

வீட்டுக்கு அவளோடு நானும் போனேன். தனியே அனுப்ப மனசில்லை. டெல்மர் வாசலில் நின்றிருந்தான். காரின் பின்பக்கத்தைப் பார்த்தான், எல்லாம் புரிந்துவிட்டது. அப்போதும் குரலை உயர்த்தவில்லை.

“நான் ஒரு நாளும் உன்னைப் போக வேண்டாம்னு சொல்லல, மார்லீன்.”

“சொல்லியிருக்கலாமே” என்றாள் அவள். “எனக்கு வர இஷ்டமில்ல, நீ வேணா போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பஸ் ஏறிப் போய் அவ வீட்டுத் தரையில படுத்திருப்பேன். நீ வரேன்னு சொன்னதுனாலதான்டா நான் உக்காந்திருந்தேன். அக்கா செத்துட்டா.”

அவன் கொஞ்ச நேரம் கதவுக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான், “ஞாயித்துக்கிழமையெல்லாம் நீ சந்தோஷமாத்தானே இருந்தே.”

இதைவிட அவன் அவளை ஓர் அறை அறைந்திருக்கலாம். அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான். அதையும் பிடுங்கிக்கொண்டான். மார்லீன் அவனைத் தாண்டி உள்ளே போய்த் துணி எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

பழைய முட்டை வண்டி ஒன்று பக்கத்து ஊரான மிடில்பரியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தியிடம் இருந்தது. புல் வெட்டுகிற இயந்திரத்துக்குக் கொட்டகையில் இடம் வேண்டும் என்று தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தாள். மார்லீன் ஒரே பார்வையில் முடித்துவிட்டாள். பக்கத்தில் வேறு எதையும் வைத்து ஒப்பிடவில்லை. நான் கூட வருகிறேன் என்றேன். லாயிட் இத்தனை நாள் தனக்கு யார் சமைப்பார்கள் என்று கேட்டான். கரடியைக் கேள் என்றேன்.

கிளம்புகிற அன்று காலையில் டெல்மர் வந்து கிட்டே நின்றான். “கார் வால் தாழுதேன்னு பயந்துக்கிட்டுக் கனத்தையெல்லாம் வண்டிக்குப் பின்னால வைக்காதே. எல்லாரும் அந்தத் தப்பைத்தான் செய்வாங்க. கார் நேரா நிக்கும், ஆனா வேகம் எடுத்ததும் வண்டி ரெண்டு பக்கமும் ஆட ஆரம்பிச்சுடும், பிடிக்க முடியாது. கனம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால இருக்கணும்” என்றான். மார்லீன் நன்றி என்றாள், தெருவில் வழி சொன்னவனுக்குச் சொல்கிற மாதிரி. சாமான்கள் எங்கே இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு திடலுக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் கனத்தை எங்கே வைப்பது என்று கேட்டாள். அவனும் அதையேதான் சொன்னான். அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் இறக்கி முன்னால் ஏற்றினோம். இனிமேல் டெல்மர் நிஜத்தைச் சொன்னாலும் அவளுக்கு இன்னொருவனைக் கேட்காமல் நம்ப முடியாது. முப்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் அவன் செய்துவைத்த காரியம் அது.

வழியில் ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. விஸ்கான்சின், மினசோட்டா, டக்கோட்டா. சமவெளிக் காற்றில்கூட முட்டை வண்டி கோடு போட்ட மாதிரி பின்னால் வந்தது. மேடு ஏறும்போது கார் கொஞ்சம் முனகியது, அவ்வளவுதான். தொந்தரவு இல்லாமல் போகப் போக மார்லீன் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். பெட்ரோல் போட நிறுத்தின இடத்தில் காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்று, “இவ்வளவுதானா, ட்வைலா? இவ்வளவு சுலபமா?” என்றாள். எங்கேயாவது நடுவழியில் எஞ்சின் புகைந்து நின்றிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆர்டித்தின் மகன் கென்ட் வாசலுக்கு வந்து சித்தியைக் கட்டிக்கொண்டான். அம்மாவைப் போலவே நெட்டையான ஆள். வண்டி நிறுத்துகிற இடம் கொட்டகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று முன்னால் நடந்தான். நான் இறங்கி, வழிகாட்டத் தயாராக வண்டிக்குப் பின்னால் போனேன். பின்பக்கமாக நகர்த்தி நிறுத்தும்போது ஒருத்தர் பின்னால் நின்று கை காட்ட வேண்டும், ஓட்டுகிறவளின் பக்கக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். டிரெய்லர்காரர்களின் பாதிக் கல்யாணம் அந்த இடத்தில்தான் முறியும் என்று தொழிற்சாலையில் சிரிப்போம்.

கை காட்ட எனக்கு அங்கே வேலையே இல்லை. சின்னதாக ஒரு சரளைப் பட்டை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போன இடத்தில், பள்ளிக்கூட பஸ் இரண்டை நிறுத்தலாம் போல ஒரு மைதானமே கிடந்தது. சமமாக நிரவி, சரளை கொட்டி, ஓரத்தில் கட்டை அடித்து, மூலையில் மின்சாரக் கம்பமும் தண்ணீர்க் குழாயும் வைத்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பக்கமிருந்தும் பின்னால் வந்துவிடலாம்.

“எதுக்கு இவ்வளவு பெருசு?” என்றாள் மார்லீன்.

கென்ட் எங்களை ஒரு மாதிரி பார்த்தான். “சித்தப்பாதானே அளவு சொன்னார்? முதல் வருஷம் அம்மா சின்னதாத்தான் போட்டாங்க. அடுத்த வசந்தத்துல கூப்பிட்டு, இது வேற வண்டி, இன்னும் நீளம்னார். அதுக்கடுத்து பக்கத்துல கட்டில் நீளும், அகலம் போதாதுன்னார். அப்புறம் பெரிய காரும் திரும்பணும்னார். ஒவ்வொரு வருஷமும் அம்மா டிராக்டர்ல சரளை அள்ளிக் கொட்டிக் கொட்டி நிரவுனாங்க. போன இலையுதிர்காலத்துலயே அவங்களுக்கு மூச்சு வாங்குச்சு. விடுங்கம்மா, போதும்னேன். மார்லீன் பின்னால எடுக்கறப்போ கஷ்டப்படக் கூடாதுடா, அவளுக்குப் பழக்கமில்லன்னாங்க.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. மார்லீன் சரளையில் இறங்கி அந்தக் கடைசி வரை நடந்து போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். முதல் வருஷத்துச் சரளை பழுப்பேறி அழுந்திக் கிடந்தது, வெளியே போகப் போகப் புதிதாக, வெளுப்பாக இருந்தது. எந்த வருஷம் எவ்வளவு என்று கண்ணாலேயே பார்க்கலாம். கடைசி வெளுப்பில் அவள் உட்கார்ந்து ஒரு கை சரளையை அள்ளிக்கொண்டு அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அடக்க முடியவில்லை.

வண்டியை நடுவில் அந்தப் பழைய பழுப்பில் நிறுத்தினாள். சுற்றிலும் அவ்வளவு இடம் சும்மா கிடந்தது.

சாயங்காலம் டெல்மர் கென்டின் போனுக்குக் கூப்பிட்டான். மார்லீன் படிக்கட்டில் உட்கார்ந்து வாங்கினாள். வண்டி எப்படி வந்தது என்று கேட்டிருப்பான் போலிருக்கிறது. “பின்னால இருந்ததே தெரியல, டெல்மர்” என்றாள். சரளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அதையும் காபி மேஜையில் கொண்டுபோய் வைப்பான் என்று நினைத்தாளோ என்னவோ. எப்போது திரும்பி வருகிறாய் என்று அவன் கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

மார்லீன் அந்த வெளுத்த சரளையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வரணும். எந்த வழி நல்லதுன்னு பார்த்துக்கிட்டிருக்கேன். ஒவ்வொரு வழியிலயும் ஏதாவது ஒரு குறை இருக்கு. அவசரம் என்ன, அடுத்த வசந்தத்துக்குப் பார்க்கலாம்.”

போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே காபி போடப் போனாள். டெல்மர் அந்தப் பக்கம் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். நான் கேட்கவில்லை, வைத்துவிட்டேன்.